53 பவுனும் 324 ஓட்டும்

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி. பி.பி.சி. வானொலியின் காலை நிகழ்ச்சி. சந்தையில் கடை போட்டுப் பிழைக்கும் ஒருவர் பேசுகிறார். வீட்டு வாடகைக்காகச் சர்க்கார் தந்துவந்த உதவியில் வெட்டு விழுந்துவிட்டது, வாரத்துக்கு 53 பவுன்தான் கையில் மிஞ்சுகிறது என்கிறார். அதே நிகழ்ச்சியில் பேச வந்தவர் பிரிட்டனின் வேலை, ஓய்வூதிய இலாகா மந்திரி இயன் டங்கன் ஸ்மித். அந்த 53 பவுனில் தங்களால் வாழ முடியுமா என்று அவரைக் கேட்டார்கள். வேண்டி வந்தால் வாழ்வேன் என்றார் மந்திரி.

வாழ்ந்து காட்டட்டும் என்று ஒரு மனு கிளம்பிற்று. சில நாட்களுக்குள் 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் பெயர் போட்டார்கள். மந்திரி வாழ்ந்து காட்டவில்லை. இதெல்லாம் வெறும் விளம்பர வேடிக்கை என்று தள்ளினார். நானும் இருமுறை வேலையற்று இருந்தவன்தான், எனக்குத் தெரியாததா என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த 53 பவுனைப் பற்றி நாம் அதிகம் எழுதப் போவதில்லை. வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எவர் வாயிலிருந்தும் ஏதாவது வந்து விழும். வாய் சொன்னதை மறுநாள் திருத்திக்கொள்ளலாம். அப்படிச் சொல்லவில்லை என்று அறிக்கை விடலாம். பத்திரிகைக்காரன் திரித்துவிட்டான் என்று பழி போடலாம். பார்லிமெண்டில் போட்ட ஓட்டை அப்படி அழிக்க முடியாது. டங்கன் ஸ்மித் வேலையில்லாதோர் உதவித்தொகை விஷயத்தில் எப்படி ஓட்டுப் போட்டார்? எந்த ஆண்டில், எந்த மசோதாவுக்கு, யாரோடு நின்று? நமக்கு வேண்டியது அந்தக் கணக்கு.

வெள்ளைக்காரன் ஊர்க் கணக்கு நமக்கு எதற்கு என்று ஆலை வாசலில் நிற்கும் தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உழைக்கிறவனையும் வேலை இழந்தவனையும் மோதவிட்டு, இரண்டு பேர் சட்டைப் பையிலும் கைவிடுகிற வித்தை எங்கெங்கோ நடப்பதுதான். ஆனால் அது பேர் பேராக, தேதி தேதியாக அச்சேறிக் கிடக்கிற இடம் அந்தக் காமன்ஸ் சபை. அங்கே ஓட்டெடுப்பு என்றால் அங்கத்தினர்கள் எழுந்து, ஆம் என்போர் ஒரு வழியாகவும் இல்லை என்போர் மறு வழியாகவும் நடந்து செல்ல வேண்டும். தலை எண்ணப்படும், பெயர் குறிக்கப்படும், ஹன்சார்டு ஏட்டில் அச்சாகும். நம் சபைகளில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் ஓட்டில் ஓடிப்போகின்றன. யார் குரல் எந்தப் பக்கம் என்று பிறகு தேடினால் கிடைக்காது.

யார் இந்த மனிதர்?

ராணுவத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படை அதிகாரியாக இருந்தவர். 1992-இல் லண்டனின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள சிங்ஃபோர்டு தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்கு வந்தார். அவருக்கு முன் அந்தத் தொகுதியை வைத்திருந்தவர் நார்மன் டெபிட். 1930-களில் தன் தகப்பனார் வேலையில்லாமல் இருந்தபோது கலகம் செய்யவில்லை, சைக்கிளில் ஏறி வேலை தேடிப் போனார் என்று 1981-ஆம் ஆண்டுக் கட்சி மகாநாட்டில் பேசிப் புகழ் சம்பாதித்த அதே டெபிட்தான். வேலையற்றவனுக்குச் சைக்கிளைக் காட்டிய தொகுதியிலிருந்து அவனுக்குக் கணக்குப் போடுகிற மந்திரி வந்தார் என்பது ஒரு பொருத்தம்.

டங்கன் ஸ்மித் 2001 முதல் 2003 வரை கன்சர்வேடிவ் கட்சியின் தலைவராகவும் இருந்தார். 2002-இல் கிளாஸ்கோ நகரத்தின் ஈஸ்டர்ஹவுஸ் என்ற ஏழைக் குடியிருப்பைப் பார்க்கப் போனார். அங்கு கண்ட வறுமை அவர் மனத்தை மாற்றிவிட்டது என்று அவரும் சொன்னார், அவர் நண்பர்களும் சொன்னார்கள். 2004-இல் சமூக நீதி என்ற பெயரைத் தாங்கிய ஒரு ஆராய்ச்சி நிலையத்தையும் தொடங்கினார். அவர் மனம் மாறவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். பிறர் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் வித்தை நமக்குத் தெரியாது. 2010-இல் மந்திரி பதவி கிடைத்தது. ஓட்டுக்கள் அதற்குப் பிறகு வந்தன.

2013 ஜனவரி 8

நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2012 டிசம்பரில் ஒரு அறிவிப்புச் செய்தார். அதுவரை விலைவாசி எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்கு உதவித்தொகையையும் ஆண்டுதோறும் ஏற்றுவது வழக்கம். இனி மூன்றாண்டுகளுக்கு விலைவாசி எப்படிப் போனாலும் 1 சதவீதத்துக்கு மேல் ஏற்றமில்லை என்றார். அதற்கான மசோதாவைக் காமன்ஸ் சபையில் எடுத்து வந்தவர் டங்கன் ஸ்மித். 2013 ஜனவரி 8 அன்று ஓட்டெடுப்பு. ஆதரவு 324, எதிர்ப்பு 268. ஆதரவில் மந்திரியின் ஓட்டும் ஒன்று. அது அவருடைய சொந்த மசோதா.

ஒரு சதவீதம் என்றால் எவ்வளவு? வேலை தேடுவோருக்கான உதவித்தொகை, 25 வயது நிறைந்த தனி ஆளுக்கு, அப்போது வாரத்துக்கு 71 பவுன். ஏப்ரலில் அது 71 பவுன் 70 பென்ஸ் ஆயிற்று. ஏற்றம் 70 பென்ஸ்! பழைய வழக்கப்படி விலைவாசிக்குத் தக்கபடி 2.2 சதவீதம் ஏற்றியிருந்தால் ஒன்றரைப் பவுனுக்குச் சற்று மேல் கிடைத்திருக்கும். லண்டன் கடைகளில் ஒரு ரொட்டியின் விலையைத் தாண்டாத வித்தியாசந்தானே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அந்த மசோதாவின் ஆதரவாளர்கள் கேட்டிருக்கலாம். 71 பவுனில் வாரத்தை ஓட்டுகிறவனுக்கு ஒரு ரொட்டி ஒரு ரொட்டிதான்.

மந்திரி சொன்ன காரணத்தைப் பாருங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் வேலையில்லாதோர் உதவித்தொகை 20 சதவீதம் ஏறியிருக்கிறது, வேலை செய்கிறவர்களின் கூலியோ 12 சதவீதந்தான் ஏறியிருக்கிறது, இது நியாயமா என்று கேட்டார். கேட்டவுடன் சுருக்கென்று தைக்கும் கேள்வி. விடியுமுன் எழுந்து ஷிப்டுக்குப் போகிறவன் தன் கூலியைவிடப் பக்கத்து வீட்டுச் சோம்பேறியின் வரும்படி வேகமாக வளருகிறதாமே என்று கொதிக்க வேண்டும். அதுதான் நோக்கம். 2012 அக்டோபரில் கட்சி மகாநாட்டில் ஆஸ்போர்னும் இதே படத்தைத்தான் தீட்டினார்: இருட்டில் வேலைக்குப் புறப்படுகிறவன், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்கும் அண்டை வீட்டுக்காரன்.

சதவீதத்தை விட்டுக் காசை எண்ணுவோம். 2007-இல் அந்த உதவித்தொகை வாரத்துக்கு 59 பவுன் 15 பென்ஸ். 2012-இல் 71 பவுன். ஏறியது 11 பவுன் 85 பென்ஸ். வாரத்துக்கு 400 பவுன் கூலி வாங்குகிற ஒருவனுக்கு 12 சதவீதம் என்றால் 48 பவுன். பன்னிரண்டு பவுன் கூட ஏறாதவன் நாற்பத்தெட்டுப் பவுன் ஏறியவனைக் கொள்ளையடித்துவிட்டானாம்! எலிக்குட்டி இருமடங்கு வளர்ந்தாலும் எலிதான் என்பது தெரியாதவரா மந்திரி? தெரிந்துதான் சதவீதத்தில் பேசினார்.

அந்த 20 சதவீதமும் சும்மா வந்ததல்ல. அரிசி பருப்பு விலை ஏறியதால் பஞ்சப்படி ஏறினால், தொழிலாளி பணக்காரனாகிவிட்டான் என்று முதலாளி சொல்லுவதில்லையா? அதே கதைதான் இதுவும். உணவும் எரிபொருளும் விலை ஏறின. அதைத் துரத்திக்கொண்டு உதவித்தொகை ஏறியது.

இன்னொன்றையும் அவர் சொல்லாமல் விட்டார். அந்த 1 சதவீத வரம்பு வேலையில்லாதவனுக்கு மட்டுமா? இல்லை. குறைந்த கூலிக்காரனுக்குக் கிடைத்துவந்த வரிச்சலுகை உதவியும் அதே மசோதாவில் அடங்கியிருந்தது. நிதி ஆய்வுக் கழகம் என்ற நிறுவனம் அப்போது கணக்கிட்டுச் சொன்னது: வேலை செய்பவர் இருக்கும் 70 லட்சம் குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரி 165 பவுன் இழக்கும்; எவருக்கும் வேலையில்லாத 25 லட்சம் குடும்பங்கள் சராசரி 215 பவுன் இழக்கும். அதாவது எந்த ஷிப்டு தொழிலாளிக்காக மந்திரி கண்ணீர் வடித்தாரோ அந்தத் தொழிலாளியின் வீட்டுப் பானையிலும் கை வைத்தாயிற்று. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயை இதைவிடத் தெளிவாக எவரும் படம் பிடித்துக் காட்ட முடியாது.

பிச்சையா, பாத்தியதையா?

உதவித்தொகை என்றாலே தர்மம், தர்மத்தை ஏற்றுவதும் குறைப்பதும் கொடுக்கிறவன் இஷ்டம் என்று நினைப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. பிரிட்டனில் இது பிறந்த விதத்தை ஞாபகப்படுத்துவோம். 1911-ஆம் ஆண்டுச் சட்டம். கப்பல் கட்டுதல், கட்டடம், இயந்திரத் தொழில் போன்ற சில தொழில்களில் உள்ளவர்களுக்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டில் 15 வாரம் வரை. யார் பணம்? தொழிலாளி தன் கூலியிலிருந்து வாரந்தோறும் ஒரு பங்கு கட்டினான். முதலாளி ஒரு பங்கு. சர்க்கார் ஒரு பங்கு. கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பிச்சையாகாது.

அந்தப் பாத்தியதையின் மேல் கைவைத்தவன் டோரி மட்டுமல்ல. 1931 ஆகஸ்டில் பிரிட்டனை ஆண்டது தொழிற்கட்சி. பவுன் நாணயம் ஆட்டம் கண்டது. கடன் கொடுக்கிற பாங்கிக்காரர்கள் செலவை வெட்டு என்றார்கள். வேலையில்லாதோர் தொகையில் 10 சதவீதம் வெட்டுவதென்று பிரதம மந்திரி ராம்சே மாக்டொனால்டு கொண்டுவந்த யோசனைக்கு மந்திரிசபையில் 11 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு. மந்திரிசபை உடைந்தது. மாக்டொனால்டு மறுநாள் கன்சர்வேடிவ், லிபரல் கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு புதுச் சர்க்கார் அமைத்தார். ஆண் தொழிலாளியின் வாரத் தொகை 17 ஷில்லிங்கிலிருந்து 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆயிற்று. கட்சி அவரை வெளியேற்றியது. ஆனால் அந்த அக்டோபர் தேர்தலில் கட்சிக்கு மிஞ்சிய ஸ்தானங்கள் 52. மாக்டொனால்டு சீயம் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொகுதியில் அப்போதும் ஜெயித்தார். சுரங்கத் தொழிலாளிகள் 1935 வரை காத்திருந்து அவரைத் தோற்கடித்தார்கள்.

இந்தப் பழங்கதை 2015-ஐப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எழுந்து நின்ற 48 பேர்

2015 மே தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி தனி மெஜாரிட்டியோடு வந்தது. ஜூலை 8 பட்ஜெட்டில் அடுத்த அடி. இனி 1 சதவீதமும் இல்லை; 2016 ஏப்ரல் தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு உதவித்தொகையில் ஒரு பென்னி ஏற்றம் கிடையாது. அதோடு இரண்டு குழந்தைகளுக்கு மேல் பிறக்கும் குழந்தைக்கு உதவி இல்லை. ஒரு குடும்பம் பெறக்கூடிய மொத்த உதவிக்கு லண்டனில் ஆண்டுக்கு 23,000 பவுன், வெளியில் 20,000 பவுன் உச்சவரம்பு. அதே பட்ஜெட்டில் குறைந்தபட்சக் கூலியை ஏற்றுகிறோம் என்று ஆஸ்போர்ன் அறிவித்தபோது டங்கன் ஸ்மித் முஷ்டியை உயர்த்தி ஆட்டி ஆனந்தக் கூச்சல் போட்டார். சபையில் இருந்த காமிராக்கள் அதைப் பிடித்தன. மறு கையில் இருந்த கத்தியைக் காமிரா பிடிக்கவில்லை.

ஜூலை 16. இந்தத் தேதியைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பார்லிமெண்டு அங்கத்தினர்களின் சம்பளம் ஆண்டுக்கு 67,060 பவுனிலிருந்து 74,000 பவுனாக உயர்த்தப்படுவதாக அன்று முடிவாயிற்று. ஏற்றம் 6,940 பவுன். வாரத்துக்கு 133 பவுன். வேலையில்லாதவனுக்கு அப்போது வாரத்துக்கு முழுத்தொகையே 73 பவுன் 10 பென்ஸ். அந்த ஏற்றத்தை அங்கத்தினர்கள் தாங்களே ஓட்டுப்போட்டு எடுத்துக்கொள்ளவில்லை, தனி ஆணையம் ஒன்று நிர்ணயித்தது என்பது உண்மை. வேண்டாம் என்று சொன்னவர்களும், தர்ம காரியத்துக்குக் கொடுத்தவர்களும் உண்டு. ஒத்துக்கொள்ளுகிறோம். ஆனால் நாலு நாள் கழித்து, ஜூலை 20 அன்று, இந்த மசோதாவின் மேல் ஓட்டுப்போடச் சபைக்குள் நடந்தவர்கள் அந்த ஏற்றம் பெற்றவர்கள்தான்.

ஓட்டு: ஆதரவு 308, எதிர்ப்பு 124.

தொழிற்கட்சிக்கு அந்தச் சபையில் 232 பேர் இருந்தார்களே, எதிர்ப்பு எப்படி 124-இல் நின்றது? தற்காலிகத் தலைவராக இருந்த ஹாரியட் ஹார்மன், தேர்தலில் தோற்றுவிட்டோம், ஜனங்கள் சொன்னதைக் கேட்கவேண்டும், எல்லாவற்றையும் எதிர்க்கக் கூடாது என்று முடிவு கட்டினார். கட்சி ஒரு திருத்தம் கொண்டுவரும். அது தோற்றால் மசோதாவின் மேல் நடுநிலை. கொறடா உத்தரவு போட்டார். திருத்தம் தோற்றது. தொழிலாளியின் பெயரைத் தாங்கிய கட்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது! அந்தக் கட்சியில் 48 பேர் மட்டும் உத்தரவை மீறி எழுந்து எதிர்த்து நடந்தார்கள். ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்காரர்கள் எதிர்த்தார்கள். லிபரல் டெமாக்ரட் கட்சியும் எதிர்த்தது. 2013-இல் மந்திரி பதவிகளில் பங்கு வைத்துக்கொண்டு 1 சதவீதத்துக்கு ஆதரவாக நடந்த அதே கட்சிதான். இப்போது அவர்கள் வெறும் 8 பேர். பதவி போனபின் பார்வை தெளிந்தது.

டங்கன் ஸ்மித்தின் கணக்கை எழுதப் புகுந்து எதிர்க்கட்சியின் கணக்கைப் பார்ப்பானேன்? எதிர்த்து நிற்க வேண்டியவன் உட்கார்ந்திருந்தால், 308 என்பது இன்னும் பெரிதாகத் தெரியும். தங்கள் தலைவர்களே எதிர்க்காத சட்டத்தை நாம் ஏன் எதிர்க்க வேண்டும் என்று தொழிற்சங்கக் கிளையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண அங்கத்தினன் நினைப்பான். அவன் அப்படி நினைக்கவில்லை என்பது தொழிற்கட்சித் தலைவர்களுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி. தலைமைப் பதவிக்குப் போட்டியிட்ட நால்வரில் ஆண்டி பர்ன்ஹாம், இவெட் கூப்பர், லிஸ் கெண்டல் மூவரும் நடுநிலை. நாலாமவர் ஜெரமி கார்பின் அந்த 48 பேரில் ஒருவர். எவரும் ஜெயிப்பார் என்று எதிர்பார்க்காத கிழவர். செப்டம்பர் 12 அன்று ஓட்டு எண்ணியபோது 59.5 சதவீதம் அவருக்கு. அந்த வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஜூலை 20 இல்லாமல் செப்டம்பர் 12 அந்த மாதிரி இருந்திராது என்பது நம் அபிப்பிராயம்.

மந்திரி ராஜினாமா

அந்த மசோதாவில் இன்னொரு கத்தியும் இருந்தது. நோயாலோ ஊனத்தாலோ வேலைக்குப் போக முடியாமல், ஆனால் நாளைக்குப் போகக்கூடும் என்று சர்க்கார் வகுத்து வைத்திருந்தவர்களுக்கு வாரம் சுமார் 30 பவுன் அதிகம் கிடைத்துவந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அதை ரத்து செய்தார்கள். பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. பரம்பரைப் பட்டக்காரர்களும் பாதிரிகளும் அப்போது உட்கார்ந்திருந்த சபைக்கு உறுத்தியது, ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு உறுத்தவில்லை. திருத்தத்தைத் திருப்பியடித்துச் சட்டமாக்கினார்கள். 2016 மார்ச் 16 அன்று அதற்கு அரச ஒப்புதல் கிடைத்தது.

அதே மார்ச் 16-இல் ஆஸ்போர்ன் அடுத்த பட்ஜெட்டைப் படித்தார். ஊனமுற்றோருக்கான வேறொரு உதவியிலும் வெட்டு. மறுபக்கம் பணக்காரருக்கு வரிச்சலுகை. மார்ச் 18 அன்று டங்கன் ஸ்மித் ராஜினாமா செய்தார்! இது தேசத்தின் பொருளாதாரத்துக்காகச் செய்கிற வெட்டு அல்ல, அரசியலுக்காகச் செய்கிற வெட்டு என்று கடிதம் எழுதினார். ஆறாண்டு அந்த நாற்காலியில் இருந்தவர், தன் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த இரண்டாவது நாள் கண்விழித்தார்.

இதை நாடகம் என்று சொன்னவர்கள் உண்டு. ஐரோப்பிய ஐக்கியத்திலிருந்து வெளியேறுவது பற்றிய ஓட்டெடுப்பு மூன்று மாதத்தில் வர இருந்தது, அவர் வெளியேறும் அணியில் இருந்தார், ஆஸ்போர்னை மட்டந்தட்ட வழி தேடினார் என்றார்கள். இருக்கலாம். அந்த வெட்டு கைவிடப்பட்டது என்பதும் உண்மை. அதனால் லாபம் அடைந்த ஊனமுற்றவருக்கு மந்திரியின் உள்நோக்கம் பற்றி அக்கறை இருக்க நியாயமில்லை.

சட்டம் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2012 ஏப்ரலில் 71 பவுனாக இருந்த வாரத்தொகை 2020 மார்ச்சில் எவ்வளவு? 73 பவுன் 10 பென்ஸ். எட்டு ஆண்டுகளில் ஏற்றம் 2 பவுன் 10 பென்ஸ். வாடகை நின்றதா, மின்சாரக் கட்டணம் நின்றதா, பஸ் கட்டணம் நின்றதா?

கொரோனா வந்த பிறகு

2020 மார்ச் 20. நாடு அடைபடப் போகிறது. நிதி மந்திரி ரிஷி சுனக், யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையை வாரத்துக்கு 20 பவுன் உயர்த்துவதாக அறிவித்தார். இந்த யூனிவர்சல் கிரெடிட் டங்கன் ஸ்மித்தின் கைச்சரக்கு. பழைய ஆறு உதவிகளை ஒன்றாகக் கட்டி அவர் உருவாக்கியது. தனி ஆளுக்கு மாதம் 317 பவுன் 82 பென்ஸ் என்றிருந்தது 409 பவுன் 89 பென்ஸ் ஆயிற்று. எட்டாண்டில் இரண்டு பவுன் ஏற்ற வழியில்லை என்ற கஜானாவிலிருந்து ஒரே நாளில் வாரத்துக்கு இருபது பவுன்!

எங்கிருந்து வந்தது பணம்? அதே கஜானாதான். வாங்கப்போகிறவர்கள் மாறிவிட்டார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறவன் என்று வர்ணிக்கப்பட்ட அந்த வரிசையில் ஹோட்டல் சமையற்காரரும் விமான நிலைய ஊழியரும் நாடக நடிகரும் கடைச் சிப்பந்தியும் வந்து நின்றார்கள். சுமார் 30 லட்சம் பேர் வாங்கிவந்த உதவியை ஓராண்டுக்குள் 60 லட்சம் பேர் அளவில் வாங்கினார்கள். அவர்களிடம் போய், 73 பவுனில் வாழ்ந்து பார் என்று சொல்ல எந்த மந்திரிக்கும் தைரியமில்லை. பழைய திட்டத்திலேயே தங்கிவிட்டவர்களில் பலருக்கும், அவர்களில் நோயாளிகளுக்கும், அந்த 20 பவுன் கிடைக்கவில்லை. பழைய பஞ்சைக்குப் பழைய தொகை. புதுப் பஞ்சைக்குப் புதுத் தொகை.

2021 ஜூலையில் அந்த 20 பவுனை நிறுத்தப் போகிறோம் என்றபோது ஆறு முன்னாள் மந்திரிகள் சுனக்குக்குக் கடிதம் எழுதினார்கள்: நிறுத்தாதே, நிரந்தரமாக்கு. ஆறு பேரும் கன்சர்வேடிவ் கட்சி. ஆறு பேரும் அந்த இலாகாவை ஆண்டவர்கள். முதல் பெயர் இயன் டங்கன் ஸ்மித். செப்டம்பரில் வேறொரு மசோதாவின் மேல், இந்த 20 பவுனைச் சபையில் ஓட்டுக்குக் கொண்டுவரும்படி டேமியன் கிரீனோடு சேர்ந்து திருத்தமும் கொடுத்தார். அது ஓட்டெடுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

இதை நாம் பாராட்டுகிறோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று கேலி செய்வது எளிது. ஆனால் ஒரு முன்னாள் மந்திரி தன் கட்சிச் சர்க்காரைப் பார்த்து ஏழையின் 20 பவுனைப் பிடுங்காதே என்று எழுதுவது சிறு காரியமல்ல. பாராட்டிவிட்டு, ஏட்டைத் திறக்கிறோம். அதே ஆண்டு ஜனவரி 18 அன்று, அந்த 20 பவுனை நிறுத்தக் கூடாது என்று தொழிற்கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. 278 ஓட்டு ஆதரவு; எதிர்ப்பு பூஜ்யம். ஆளுங்கட்சி ஒதுங்கி இருக்கும்படி உத்தரவு. அந்த உத்தரவை மீறி ஆதரித்த கன்சர்வேடிவ் அங்கத்தினர்கள் 6 பேர். கடிதம் எழுதிய முன்னாள் மந்திரிகளில் ஸ்டீபன் கிராப் அந்த அறுவரில் உண்டு. டங்கன் ஸ்மித் இல்லை.

அந்தத் தீர்மானம் சர்க்காரைக் கட்டுப்படுத்தாது, வெறும் அபிப்பிராயம் என்பார்கள். செப்டம்பர் 15-இல் இரண்டாவது தீர்மானம் வந்தது, 253-க்கு 0. அதுவும் கட்டுப்படுத்தவில்லை. அக்டோபர் 6 அன்று 20 பவுன் போயிற்று. மாதத் தொகை 411 பவுன் 51 பென்ஸிலிருந்து 324 பவுன் 84 பென்ஸ் ஆயிற்று. பூஜ்யம் பேர் எதிர்த்த தீர்மானம் தோற்றுப்போன விந்தை இது! எதிர்த்து ஓட்டுப் போட்டால் பெயர் ஏட்டில் ஏறும்; ஒதுங்கி நின்றால் ஏறாது. 2015-இல் தொழிற்கட்சி கற்றுக்கொடுத்த பாடத்தை 2021-இல் டோரிகள் ஒழுங்காகப் படித்திருந்தார்கள்.

ஏட்டைப் படிக்கிறபோது ஆம், இல்லை என்ற இரண்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு 2025 ஒரு சாட்சி. அப்போது ஆட்சி தொழிற்கட்சியுடையது. 2025 ஜூலை 1 அன்று வந்த யூனிவர்சல் கிரெடிட் மசோதா, அடிப்படைத் தொகையை விலைவாசிக்கு மேல் உயர்த்த வகை செய்தது; நல்லது. அதே மசோதா, நோயாளிகளுக்குத் தரும் கூடுதல் தொகையைப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏறத்தாழப் பாதியாக்கியது. ஆதரவு 335, எதிர்ப்பு 260. எதிர்த்தவர்களில் 49 பேர் தொழிற்கட்சிக்காரர்கள். வெட்டு கூடாது என்று எதிர்த்தார்கள். கன்சர்வேடிவ் கட்சியும் எதிர்த்தது. வெட்டு போதாது என்று. இருவரும் ஒரே வழியாக நடந்தார்கள். உதவித்தொகை உயர்வை எதிர்த்தவர்கள் என்று அந்த 49 பேர் பெயரையும் எவனாவது பட்டியல் போடலாம். அந்தப் பட்டியல் எழுத்துக்கு எழுத்துச் சரியாகவும், முழுப் பொய்யாகவும் இருக்கும்.

அதற்கு முந்தின ஆண்டு, 2024 ஜூலை 23 அன்று, இரண்டு குழந்தை வரம்பை நீக்கு என்ற திருத்தத்துக்கு ஓட்டுப் போட்ட குற்றத்துக்காக 7 பேரைத் தொழிற்கட்சி சபைக் குழுவிலிருந்து ஒதுக்கி வைத்தது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதே கட்சிச் சர்க்கார், அதே வரம்பை நீக்குவதாக அறிவித்தது.

டங்கன் ஸ்மித் என்னவானார்? 2024 ஜூலைத் தேர்தலில் அவர் கட்சி நாடெங்கும் மண்ணைக் கவ்வியது. சிங்ஃபோர்டில் அவரை எதிர்த்து முன்பே ஒருமுறை நின்று நெருக்கமாக வந்தவர் ஃபைசா ஷாஹீன். தேர்தல் அறிவித்தபின் தொழிற்கட்சி அவருக்குக் கொடுத்திருந்த இடத்தைப் பறித்து வேறொருவரை நிறுத்தியது. ஷாஹீன் சுயேச்சையாக நின்றார். தொழிற்கட்சி வேட்பாளருக்கும் ஷாஹீனுக்கும் ஏறக்குறையச் சமமாக ஓட்டு விழுந்தது. இரண்டையும் கூட்டினால் டங்கன் ஸ்மித் வாங்கியதைவிடப் பல ஆயிரம் அதிகம். அவருக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 1992-இல் டெபிட் காலிசெய்த நாற்காலியில் அவரே மறுபடி போய் உட்கார்ந்தார்.